‘கனெக்டிங்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும்: ஈஎஸ்பி32 பலகையில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது நடப்பது என்ன?

வைஃபை வசதி கொண்ட சிறு கட்டுப்பாட்டுச் சிப்பான ஈஎஸ்பி32 உள்ள பலகையில் ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சிப்பில் ஓட வேண்டிய நிரல், ஏற மறுத்தால் பெரும்பாலானோர் அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது முறை ஏறிவிட்டால் ஏன் ஏறியது என்று தெரியாது. ஏறாவிட்டால் பலகை கெட்டுப்போனது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நல்ல பலகைகள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. ஏற்றும் கருவி டெர்மினலில் அச்சிடும் வரிகளிலேயே, கோளாறு எங்கே என்பதற்கான பதில் பெரும்பாலும் இருக்கிறது. ‘கனெக்டிங்’ என்ற சொல் வருவதற்கு முன்பே நின்றதா, அந்தச் சொல்லுக்குப் பின் புள்ளி புள்ளியாக ஓடி நின்றதா, எழுதும்போது பாதியில் நின்றதா, எல்லாம் எழுதி முடித்தபின் பலகை ஓடவில்லையா? இவை நான்கும் நான்கு வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

அந்தக் கருவியின் பெயர் எஸ்பிடூல். பைத்தானில் எழுதப்பட்டது. ஈஎஸ்பி8266 சிப் பரவத் தொடங்கிய 2014இல் ஃப்ரெட்ரிக் ஆல்பெர்க் என்பவர் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். பின்னர், சிப்பைத் தயாரிக்கும் ஷாங்காய் நிறுவனமான எஸ்பிரெசிஃப் அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. ஆர்டுயினோ ஐடிஇயில் அம்புக்குறிப் பட்டனை அழுத்தினாலும், பிளாட்ஃபார்ம்ஐஓவில் அப்லோட் கொடுத்தாலும் உள்ளே ஓடுவது இதே கருவிதான். ஐடிஇ அமைப்புகளில் அப்லோட் நேரத்து விரிவான வெளியீட்டை இயக்கி வைத்தால், அது ஓட்டும் முழுக் கட்டளையும், எந்தக் கோப்பு எந்த முகவரிக்குப் போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். கட்டளை வரிக்குப் புதியவர்கள் அந்த வரியை நகலெடுத்து டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

நிறுவுவதற்குப் பைத்தானின் பொதி நிறுவியான பிப் போதும். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் நிறுவ பிப் மறுத்துவிடும். தனியாக ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். 2025இல் வந்த 5ஆம் பதிப்பில் கட்டளைப் பெயர்களின் நடுவே இருந்த அடிக்கோடு போய் இணைப்புக்கோடு வந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் எச்சரிக்கை வரியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பழைய வடிவமும் இன்னும் வேலை செய்கிறது.

போர்ட்டே தெரியவில்லை என்றால்

‘கனெக்டிங்’ என்ற சொல்லே வரவில்லை என்றால் சிக்கல் கணினிக்கும் பலகையில் உள்ள யூஎஸ்பி-சீரியல் சிப்புக்கும் இடையில்தான். ஈஎஸ்பி32 இன்னும் ஆட்டத்துக்கே வரவில்லை. அதன் மீது பழி போட வேண்டாம்.

முதல் சந்தேகம் கேபிள். சார்ஜ் ஏற்ற மட்டும் வரும் கேபிள்களுக்குள் தரவுக் கம்பிகள் இரண்டும் இருக்காது. பலகையில் சிவப்பு விளக்கு எரியும், போர்ட் மட்டும் தோன்றாது. லினக்ஸில் கேபிளைச் செருகியதும் ‘டிமெசெக்’ கட்டளையில் கடைசி வரிகளைப் பாருங்கள். ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லை என்றால் கேபிள்தான். சிபி2102 அல்லது சிஎச்340 என்று சிப்பின் பெயர் வந்து, அடுத்த நொடியே இணைப்பு துண்டிக்கப்பட்டதாக வந்தால் அது வேறு கதை. உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெயில் காட்சிக் கருவிகளை இயக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற நிரல், சிஎச்340 சிப்பைப் பிரெயில் கருவி என்று எண்ணிக் கைப்பற்றிவிடும். பிரெயில் கருவி பயன்படுத்தாத கணினியில் அந்தப் பொதியை நீக்கினால் போர்ட் நிலைத்து நிற்கும்.

போர்ட் தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை என்று வந்தால், டெபியன், உபுண்டு இரண்டிலும் உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் ‘யூயூசிபி’. சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதைச் செய்யாமல் ‘சேர்த்தும் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் ‘சூடோ’ போட்டு ஓட்டுவது தீர்வல்ல. உருவாகும் கோப்புகள் ரூட் பயனருக்குச் சொந்தமாகிப் பின்னால் வேறு தொல்லை தரும். மேக்கில் ஒரே போர்ட் ‘டிடிஒய்’ என்றும் ‘சியூ’ என்றும் இரண்டு பெயர்களில் தெரியும். ‘சியூ’வைத் தேர்ந்தெடுங்கள். மற்றது எதிர்முனையின் கேரியர் சைகைக்காகக் காத்து நிற்கக்கூடியது. போர்ட் வேறெங்கோ பயன்பாட்டில் இருப்பதாக வந்தால், எங்கோ ஒரு சாளரத்தில் சீரியல் மானிட்டர் திறந்திருக்கிறது.

புள்ளிகள் ஓடும் நேரத்தில்

ஈஎஸ்பி32 பலகையில் நிரல் இருக்கும் நினைவகம் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே மனதில் கொள்ள வேண்டும். நாம் எழுதுவது வெளியே ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் சிப்பில். பரவலாகக் கிடைக்கும் வ்ரூம்-32 மாட்யூலில் அது 4 மெகாபைட். அதற்கு முன்னால், சிப்பின் உள்ளேயே தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட ரோம் இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. ரீசெட் ஆனவுடன் முதலில் ஓடுவது இந்த ரோம் நிரல். அது ஜிபிஐஓ 0 என்ற முனையைப் பார்க்கும். மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் ஃபிளாஷில் உள்ளதை ஓட்டும். கிரவுண்டுடன் இணைந்திருந்தால் ஃபிளாஷைத் தொடாமல், சீரியல் வழியாக வரும் கட்டளைக்குக் காத்திருக்கும். தவறான ஃபர்ம்வேரை ஏற்றி ஈஎஸ்பி32ஐ நிரந்தரமாகக் கெடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதற்குக் காரணம் இந்த ரோம்தான்.

சரியான நொடியில் ஜிபிஐஓ 0ஐக் கீழே இழுப்பது யார்? பலகையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. யூஎஸ்பி-சீரியல் சிப்பின் ஆர்டிஎஸ் கோடு ரீசெட்டுக்கான ‘ஈஎன்’ முனையையும், டிடிஆர் கோடு ஜிபிஐஓ 0ஐயும் கட்டுப்படுத்துகின்றன. எஸ்பிடூல் முதலில் ஈஎன்னைக் கீழே இழுத்து சிப்பை நிறுத்துகிறது. 0.1 நொடி கழித்து ஜிபிஐஓ 0ஐக் கீழே பிடித்துக்கொண்டு ஈஎன்னை விடுகிறது. இன்னும் 0.05 நொடியில் ஜிபிஐஓ 0ஐயும் விடுகிறது. இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டால் எந்த முனையும் இழுபடாதபடி சுற்று அமைந்திருக்கிறது. வினை இங்கேதான் வருகிறது. விண்டோஸில் இரண்டு கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதால், நடுவே ஒரு கணம் ஈஎன் விடுபட்டு, ஜிபிஐஓ 0 கீழே வருவதற்குள் சிப் எழுந்து பழைய நிரலை ஓட்டத் தொடங்கிவிடும். பூட் பட்டனை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஏறும் பலகைகளின் நோய் பெரும்பாலும் இதுதான்.

மருந்து ஒரு கெப்பாசிட்டர். ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் வைத்தால், வழக்கமான 10 கிலோ ஓம் மின்தடையோடு சேர்ந்து ஈஎன் மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தின் வேகத்தைக் குறிக்கும் கால மாறிலி 10 மில்லிநொடி. அதற்குள் ஜிபிஐஓ 0 கீழே வந்துவிடும். எஸ்பிரெசிஃபின் வன்பொருள் வழிகாட்டி பரிந்துரைக்கும் அளவும் இதுவே. பல பலகைகளில் 0.1 மைக்ரோஃபாரட் மட்டும் இருப்பதுதான் குறை. 10 மைக்ரோஃபாரட் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்போது கால மாறிலி 100 மில்லிநொடி ஆகிவிடும். கருவி ஜிபிஐஓ 0ஐப் பிடித்திருக்கும் 50 மில்லிநொடியைவிட அது அதிகம். நீண்ட நேரம் காத்திருக்கும் அடுத்தடுத்த முயற்சிகளில் அதுவும் ஏறிவிடலாம் என்றாலும் 1 மைக்ரோஃபாரடே சரியான தேர்வு.

புள்ளிகள் ஓடி முடிந்தபின் வரும் கடைசி வரியை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். பூட் நிலை தவறு என்று ஹெக்ஸ் (பதினாறடிமான) 13 என்ற எண்ணோடு வந்தால் அது நல்ல செய்தி. சிப் உயிரோடு இருக்கிறது, அதன் பேச்சு கணினிக்குக் கேட்கிறது, ஜிபிஐஓ 0 மட்டும் கீழே இல்லை. பூட் பட்டனைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள். ஜிபிஐஓ 2ஐயும் கவனியுங்கள். ஈஎஸ்பி32இல் ஏற்றும் நிலைக்கு வர அந்த முனை கீழேயோ எதிலும் இணையாமலோ இருக்க வேண்டும். சென்சார் மாட்யூல் ஒன்று அதை மேலே இழுத்துப் பிடித்திருந்தால் பூட் பட்டன் அழுத்தியும் பயனில்லை.

சீரியல் தரவே வரவில்லை என்ற வரி வேறு. சிப்புக்கு மின்சாரம் இல்லை, தரவை அனுப்பும் டிஎக்ஸ், பெறும் ஆர்எக்ஸ் கம்பிகள் மாறியிருக்கின்றன, அல்லது ஜிபிஐஓ 1, 3 ஆகிய முனைகளில் வேறு கருவி ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் ஃபர்ம்வேரே வருகிறது. ஒரு ஜிபிஎஸ் மாட்யூலின் டிஎக்ஸை ஜிபிஐஓ 3இல் இணைத்துவிட்டு ஏற்ற முயன்றால் இருவர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். கழற்றிவிட்டு ஏற்றுங்கள். பொட்டலத்தின் தலைப்பு தவறு என்று வந்தால் தரவு வருகிறது, சிதைந்து வருகிறது என்று பொருள். நீளமான கேபிள், பொதுவான கிரவுண்ட் இல்லாத இணைப்பு, அதே போர்ட்டைப் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு நிரல் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

ஈஎஸ்பி32-கேம் பலகையில் யூஎஸ்பி-சீரியல் சிப்பே கிடையாது. தனியாக ஒரு அடாப்டர் வேண்டும். 5 வோல்ட் முனைக்கு மின்சாரம், கிரவுண்டுக்குக் கிரவுண்ட், அடாப்டரின் டிஎக்ஸ் பலகையின் யூ0ஆருக்கு, ஆர்எக்ஸ் யூ0டிக்கு. அடாப்டரின் சைகை மட்டம் 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஐஓ0ஐக் கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணைத்து, ரீசெட் அழுத்தி, பிறகு கட்டளையை ஓட்ட வேண்டும். ஏறியபின் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு மீண்டும் ரீசெட். எடுக்க மறந்தால், ஏற்றத்துக்குக் காத்திருக்கிறேன் என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டு பலகை அமைதியாகிவிடும்.

எழுதும் வேகமும் இடமும்

இணைந்ததும் எஸ்பிடூல் ஒரு சிறு உதவி நிரலை சிப்பின் ரேமில் ஏற்றுகிறது. இதை ‘ஸ்டப்’ என்பார்கள். இனி ரோமுக்குப் பதிலாக இதுவே பேசும். சுருக்கி அனுப்பிய தரவை சிப்பிலேயே விரித்து எழுதுவதும் இதுதான். இணைப்பு எப்போதும் 115200 பாட், அதாவது நொடிக்கு 115200 பிட், வேகத்தில் தொடங்கும். நீங்கள் கேட்ட வேகத்துக்கு மாறுவது ஸ்டப் ஓடத் தொடங்கியபின். ஆகவே இணைந்து, வேகம் மாறுகிறது என்ற வரிக்குப் பின் நின்றுவிட்டால் குறை வேகத்தில்தான்.

கணக்கு எளிது. ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் ஆகும். 115200 பாட் என்றால் நொடிக்கு 11,520 பைட். 1 மெகாபைட் நிரலைச் சுருக்காமல் அனுப்ப சுமார் 91 நொடி. 921600 என்றால் 11 நொடிதான். சுருக்கி அனுப்புவதால் உண்மையில் இன்னும் குறையும். 921600இல் தடுமாறும் பலகைக்கு 460800 பெரும்பாலும் ஒத்துவரும்.

ஃபிளாஷை 4,096 பைட் கொண்ட துண்டு துண்டாகத்தான் அழிக்க முடியும். அழித்த இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். எழுதுவது என்பது சில பிட்டுகளை 0 ஆக்குவது மட்டுமே. அதனால் எழுதும் முன் அந்தத் துண்டை அழித்தே ஆக வேண்டும். எழுதி முடிந்ததும் கருவி எம்டி5 என்ற சரிபார்ப்பு மதிப்பை ஒப்பிட்டு, தரவு சரிபார்க்கப்பட்டது என்று அறிவிக்கும். இந்த வரியை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அனுப்பியது அனுப்பிய இடத்தில் அப்படியே இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. அனுப்பிய இடம் சரியா என்று கருவிக்குத் தெரியாது.

ஈஎஸ்பி32இல் முழு ஃபர்ம்வேர் என்பது ஒரே கோப்பு அல்ல. ரோமுக்கு அடுத்து ஓடி நம் நிரலைத் தொடங்கும் இரண்டாம் நிலை பூட்லோடர் ஹெக்ஸ் 1000 முகவரியில், ஃபிளாஷில் எது எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை ஹெக்ஸ் 8000இல், நம் நிரல் ஹெக்ஸ் 10000இல், அதாவது 64 கிலோபைட் எல்லையில். ரைட்-ஃபிளாஷ் கட்டளைக்குப் பின் முகவரி, கோப்பு, முகவரி, கோப்பு என்று இணை இணையாகக் கொடுக்க வேண்டும். இதே குடும்பத்தின் எஸ்3, சி3, சி6 சிப்புகளில் பூட்லோடர் முகவரி 0. ஈஎஸ்பி32க்கான முகவரிகளை அப்படியே எஸ்3க்கும் கொடுத்தால் சரிபார்ப்பு வரை எல்லாம் வெற்றிகரமாக முடியும், பலகை மட்டும் எழாது. ஃபிளாஷ் முழுவதையும் அழித்துவிட்டு நிரல் கோப்பை மட்டும் ஹெக்ஸ் 10000இல் எழுதுவதும் இதே வகைத் தவறு. தலைப்பு தவறு என்று எஃப் எழுத்துகள் எட்டு வரிசையாக மறுபடி மறுபடி ஓடினால், ரோம் படித்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு பொறி பலரை நாள் கணக்கில் அலைக்கழிக்கும். ஆர்டுயினோவின் இயல்பான 4 மெகாபைட் அமைப்பில் நிரலுக்கு இரண்டு அறைகள் உண்டு. ஒன்று ஹெக்ஸ் 10000இல், மற்றது ஹெக்ஸ் 150000இல், ஒவ்வொன்றும் 13,10,720 பைட். வைஃபை வழியாகப் புதுப்பித்தால் புதிய நிரல் இரண்டாவது அறைக்குப் போகும். எந்த அறையை ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு ஹெக்ஸ் இ000 முகவரியில் இருக்கும். அதன்பின் நீங்கள் கேபிள் வழியாக முதல் அறையில் புதிய நிரலை எழுதுகிறீர்கள். எழுதப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, ரீசெட்டும் ஆகிவிட்டது. ஓடுவதோ இரண்டாவது அறையில் உள்ள பழைய நிரல். ஆர்டுயினோ ஐடிஇ ஒவ்வொரு முறையும் ‘பூட்-ஆப்0’ என்ற சிறு கோப்பையும் ஹெக்ஸ் இ000இல் எழுதுவது இந்தக் குறிப்பை முதல் அறைக்குத் திருப்பத்தான். கட்டளை வரியில் கையால் ஏற்றுபவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

எழுதும்போதே ஃபிளாஷ் சிப்போடு பேச முடியவில்லை என்றோ எம்டி5 பொருந்தவில்லை என்றோ வந்தால் ஜிபிஐஓ 12ஐப் பாருங்கள். ரீசெட் நேரத்தில் அது உயர்ந்திருந்தால் சிப் தன் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்கும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் அதில் ஓடாது. எஸ்டி கார்டு சுற்றுகளில் இந்த முனையை மேலே இழுக்கும் மின்தடை இருப்பது வழக்கம். ஏறுகிறது, ஆனால் எழுந்தவுடன் விழுகிறது என்றால் ஃபிளாஷ் மோடைச் சந்தேகியுங்கள். க்யூஐஓவில் நான்கு தரவுக் கோடுகளும், டிஐஓவில் இரண்டும் பயன்படும். அறிமுகம் இல்லாத பலகையில் டிஐஓவும் 40 மெகாஹெர்ட்ஸும் பாதுகாப்பானவை. வைஃபை தொடங்கும் நொடியில் பிரவுன்அவுட் (மின்னழுத்தம் தாழ்ந்தது) என்று சொல்லி ரீசெட் ஆனால் ஃபர்ம்வேரில் குறை இல்லை. குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் மின்வழங்கலும் குட்டையான கேபிளும் வேண்டும்.

எழுதும் முன் படித்து வையுங்கள்

புதிய பலகையோ, வேறொருவரின் ஃபர்ம்வேரோடு வந்த சாதனமோ, முதலில் ஃபிளாஷ்-ஐடி கட்டளையை ஓட்டுங்கள். சிப்பின் வகையும் ஃபிளாஷின் அளவும் தெரியும். பிறகு ரீட்-ஃபிளாஷ் கொண்டு 0 முதல் ஹெக்ஸ் 400000 வரை, அதாவது 4 மெகாபைட் முழுவதையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். 921600 பாட் வேகத்தில் முக்கால் நிமிடம், 115200இல் 6 நிமிடம். என்ன தவறு செய்தாலும் அந்தக் கோப்பை 0 முகவரியில் திருப்பி எழுதினால் சாதனம் பழைய நிலைக்கு வந்துவிடும். சாதனத்தோடு வந்த ஃபர்ம்வேருக்கு வேறு நகல் எங்கும் கிடைக்காமல் போகலாம் என்பதால் இந்த ஆறு நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம்.

இதே வசதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உங்கள் வைஃபை கடவுச்சொல் ஹெக்ஸ் 9000இல் தொடங்கும், அமைப்புகளைச் சேமிக்கும் என்விஎஸ் பகுதியில் இருக்கிறது. குறியாக்கம் செய்யாத பலகையில் அதை யார் வேண்டுமானாலும் இதே கட்டளையால் படித்துவிடலாம். புதிய நிரலை ஏற்றினாலும் அந்தப் பகுதி அழியாது. பலகையை விற்கும் முன்போ கொடுக்கும் முன்போ ஈரேஸ்-ஃபிளாஷ் ஓட்டிவிடுங்கள். மாறாக, அமைப்புகள் நிலைக்க வேண்டும் என்றால் மெர்ஜ்-பின் கட்டளையால் ஒன்றாக்கிய கோப்பை ஏற்றும்போது எச்சரிக்கை தேவை. இடைவெளிகளை எஃப்எஃப் கொண்டு நிரப்பிய அந்தக் கோப்பு என்விஎஸ்ஸையும் சேர்த்து மூடிவிடும்.

திருப்ப முடியாதது ஒன்றே ஒன்று: இ-ஃபியூஸ். ஃபிளாஷ் குறியாக்கம், பாதுகாப்பான பூட், மேலே சொன்ன ஃபிளாஷ் மின்னழுத்தத்தை 3.3க்கு நிலைப்படுத்துவது எல்லாம் சிப்புக்குள் பிட்டுகளை எரித்துச் செய்வது. 0இல் இருந்து 1 ஆன பிட் மீண்டும் 0 ஆகாது. சீரியல் வழி ஏற்றத்தை முடக்கும் பிட்டும் அங்கே உண்டு. அதை எரித்தால் ரோம் தரும் காப்புறுதியும் போய்விடும். இதற்கென்று எஸ்பிஇஃபியூஸ் என்ற தனிக் கருவி இருக்கிறது. எரிக்கும் முன் அதன் சம்மரி கட்டளையை ஓட்டி இப்போதைய மதிப்புகளைப் படித்து வையுங்கள். எரிக்கச் சொன்னாலும் அது உடனே செய்யாது. ‘பர்ன்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்யச் சொல்லிக் காத்திருக்கும்.